ஆண்கள் கூடைப்பந்தும் பெண்கள் கூடைப்பந்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூடைப்பந்து விடாமல் பார்க்கிறவன், ஒரு காலத்தில் கொஞ்சம் ஆடியும் இருக்கிறவன் என்று தெரிந்துவிட்டால் போதும், சொந்தக்காரர்கள், ஆபீஸ் நண்பர்கள், பக்கத்து வீட்டு காலேஜ் பையன் என்று எல்லோரும் சுற்றிச் சுற்றி இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் அமெரிக்க ஆட்டத்தை வைத்தே பேசப்போகிறேன். பள்ளி, கல்லூரி, தொழில்முறை என்று எல்லாப் படியிலும் ஆணும் பெண்ணும் முழுமூச்சாக ஆடுவதை அங்கேதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. பெயர்களை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்: என்பிஏ என்பது ஆண்களின் தொழில்முறை லீக், டபிள்யூஎன்பிஏ பெண்களுடையது (முதல் சீசன் 1997, அப்போது 8 அணிகள்), என்சிஏஏ என்பது கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு.

டபிள்யூஎன்பிஏ சாம்பியன் அணியை ஒரு நல்ல பள்ளிக்கூடப் பையன்கள் அணி ஜெயித்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

முதலில் வருவது எப்போதும் இந்தக் கேள்விதான். எந்தப் பள்ளிக்கூடம் என்று நான் திருப்பிக் கேட்பேன். "பள்ளிக்கூடப் பையன்" என்ற சொல்லுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 2003இல் லெப்ரான் ஜேம்ஸ் பள்ளி முடித்த கையோடு நேராக என்பிஏவுக்குப் போனார், அந்த சீசனின் சிறந்த புதுமுகமும் அவர்தான். அதற்கு முன் 1995இல் கெவின் கார்னெட், 1996இல் கோபி பிரையன்ட். அந்த வருடத்து லெப்ரானும் பள்ளிக்கூடப் பையன்தான், மாவட்டப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்று பஸ் ஏறுகிற பையனும் பள்ளிக்கூடப் பையன்தான். அமெரிக்காவில் பள்ளி அணிகளில் ஆடும் பையன்கள் மட்டும் 5 லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள். நாடு முழுக்கத் தேடிப் பொறுக்கி எடுத்து, ஆறடி எட்டு அங்குலம், ஆறடி பத்து அங்குலம் என்று நாலைந்து பேரைச் சேர்த்து வைத்திருக்கிற ஒரு சில பள்ளிகளின் அணி என்றால், ஆம், அது டபிள்யூஎன்பிஏ அணியை ஜெயிக்கும் என்றே நினைக்கிறேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஊர் முனையில் இருக்கிற சாதாரணப் பள்ளியின் அணி என்றால் முதல் பத்து நிமிடத்திலேயே மூச்சு வாங்கி நிற்கும்.

இதை வெறும் ஊகமாகச் சொல்லவில்லை. அமெரிக்கக் கல்லூரிகளின் பெரிய பெண்கள் அணிகள் பல காலமாக ஆண்களோடுதான் பயிற்சி எடுக்கின்றன. டென்னசி பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற கோச் பாட் சம்மிட் இதை விடாமல் செய்தவர், டபிள்யூஎன்பிஏ அணிகளும் செய்கின்றன. அந்த ஆண்கள் யார்? அதே கல்லூரியில் படிக்கிற மாணவர்கள், பள்ளி அணியில் ஆடி இருப்பார்கள், ஆனால் கல்லூரி ஆண்கள் அணியில் இடம் கிடைக்காதவர்கள். ஸ்காலர்ஷிப் கிடையாது. அடுத்த வாரம் வரப்போகிற எதிரணி எப்படி ஆடுமோ அதே மாதிரி ஆடிக்காட்டுவதுதான் அவர்கள் வேலை. உயரம், வேகம், உடம்பு பலம் மூன்றிலும் பெண்களுக்குச் சவால் கொடுக்க இவர்களால் முடிகிறது, அதற்காகத்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் முதல் நாள் அலட்சியமாக வந்து நிற்கிற பையன், தன்னைவிட ஒரு அடி குட்டையான பாயிண்ட் கார்டு (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிறவள்) பந்தை எங்கே அனுப்பினாள் என்றே தெரியாமல் விழிப்பதும் அதே ஜிம்மில்தான் நடக்கும். பந்து போன பிறகு ஓடுகிறவனுக்கு வேகம் இருந்து என்ன பயன்?

இதிலேயே ஒரு சண்டையும் உண்டு. பையன்கள் வந்து நின்றால், பெஞ்சில் இருக்கிற பெண்களுக்குப் பயிற்சியில் ஆடக் கிடைக்கிற நேரம் போய்விடுகிறதே என்று 2006இல் என்சிஏஏவின் பெண்கள் விளையாட்டுக் குழுவே எதிர்ப்புத் தெரிவித்தது. நியாயமான கேள்விதான். ஆனாலும் பழக்கம் நிற்கவில்லை.

நானே காலேஜில் ஆடினவன். ஒரு டபிள்யூஎன்பிஏ வீராங்கனையோடு ஒண்டிக்கு ஒண்டி நின்றால் சமாளிக்க மாட்டேனா?

மாட்டீர்கள். இதைக் கேட்கிறவர் பெரும்பாலும் ஐந்தடி எட்டு அங்குலம் இருப்பார், கடைசியாக ஓடியது ரயிலைப் பிடிக்க. டபிள்யூஎன்பிஏவின் சராசரி உயரம் சுமார் ஆறடி, அதாவது சராசரி அமெரிக்க ஆணைவிட மூன்று அங்குலம் அதிகம்.

உயரத்தை விடுங்கள், படிகளுக்கு இடையே இருக்கிற தூரம்தான் முக்கியம். பிரையன் ஸ்காலபிரினி என்று ஒருவர், என்பிஏவில் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்தே காலம் தள்ளியவர், ரசிகர்கள் கிண்டல் செய்து மகிழ்கிற ஆள். ஓய்வு பெற்ற பிறகு 2013இல், உன்னை நான் ஜெயிப்பேன் என்று கிளம்பிய நான்கு பேரோடு தனித்தனியாக ஆடினார். அவர்களும் சும்மா ஆட்கள் இல்லை, நன்றாக ஆடத் தெரிந்தவர்கள். நான்கு ஆட்டத்தையும் கூட்டினால் 44–6. லெப்ரானுக்கும் எனக்கும் இருக்கிற தூரத்தைவிட எனக்கும் உங்களுக்கும் இருக்கிற தூரம் அதிகம் என்பது அவர் வாதம். ஆண் பெண் என்று ஒப்பிடும்போது நாம் தவற விடுவது இதைத்தான். பொழுதுபோக்காக ஆடுகிறவனுக்கும் அதையே தொழிலாக வைத்திருக்கிறவருக்கும் நடுவில் இருக்கிற பள்ளம் அவ்வளவு பெரியது. பாலின வித்தியாசம் அதை நிரப்பிவிடும் என்று நினைப்பது கற்பனை.

சரி, ஒரே படியில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் எதனால் வருகிறது? உயரம் மட்டும்தானா?

உயரம் ஒரு பங்குதான். என்பிஏ சராசரி சுமார் ஆறரை அடி, டபிள்யூஎன்பிஏ ஆறடி, ஆக அரை அடி வித்தியாசம். ஆனால் விதிவிலக்குகளைப் பாருங்கள்: மக்சி போக்ஸ் ஐந்தடி மூன்று அங்குலம், என்பிஏவில் 14 சீசன் ஆடினார். போலந்தின் மார்கோ டைடெக் ஏழடி இரண்டு அங்குலம், டபிள்யூஎன்பிஏவில் ஆடினார். உயரம்தான் எல்லாம் என்றால் டைடெக்கை என்பிஏவில் தூக்கிப் போட்டிருப்பார்கள், போக்ஸை டிக்கெட் கிழிக்க வைத்திருப்பார்கள்.

பருவ வயதில் ஆண் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் பல மடங்கு ஏறுகிறது. தசை கூடுகிறது, அதுவும் கால்களைவிடத் தோள், மார்பு, கை என்று மேல் உடம்பில் அதிகமாக. எலும்பு நீளுகிறது, கை பெரிதாகிறது, ரத்தத்தில் ஹீமோகுளோபின் கூடுகிறது. கூடைப்பந்தில் பந்து, எதிராளி, தந்திரம் என்று பலதும் கலந்துவிடுவதால், கலப்படம் இல்லாத எண்களுக்குத் தடகளத்தைப் பாருங்கள். 100 மீட்டர் உலக சாதனை ஆண்களுக்கு 9.58 வினாடி, பெண்களுக்கு 10.49. உயரம் தாண்டுதலில் ஆண்களுக்கு 2.45 மீட்டர், பெண்களுக்கு 2.10. ஓட்டத்தில் வித்தியாசம் பத்து சதவீதத்துக்கும் குறைவு, கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் தாண்டுதலில் அது 35 சென்டிமீட்டர். ஆட்டம் முழுக்க தரையிலிருந்து 305 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிற ஒரு இரும்பு வளையத்தைச் சுற்றியே நடக்கும்போது இந்த 35 சென்டிமீட்டர் என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். ரீபவுண்ட் (தவறிய பந்தைப் பிடிப்பது), பிளாக் (எறிந்த பந்தைத் தட்டிவிடுவது), டங்க் (குதித்துப் பந்தை வளையத்துக்குள் திணிப்பது), தடுப்பாட்டத்தில் தப்பு செய்துவிட்டுப் பின்னால் பறந்து வந்து சரி செய்வது, எல்லாம் அதில்தான் இருக்கிறது.

சின்னப் பிள்ளைகளிடம் இந்த வித்தியாசம் உண்டா?

பருவ வயதுக்கு முன் பெரிதாக இல்லை. பெண்பிள்ளைகளுக்குப் பருவ வளர்ச்சி ஏறக்குறைய இரண்டு வருடம் முன்னதாகவே தொடங்குவதால் பதினோரு, பன்னிரண்டு வயதில் பல வகுப்புகளில் உயரமான ஆள் ஒரு பெண்தான். அந்த வயதில் கலந்து ஆடினால் பையன்கள் அடி வாங்குவதை நிறையப் பார்த்திருக்கிறேன். பதினான்கு, பதினைந்தில் நிலைமை மாறிவிடும். அதற்குள் அந்தப் பெண்ணை "போதும், படிப்பைப் பார்" என்று வீட்டில் உட்கார வைத்துவிடுவது வேறு கதை.

இரண்டு பேருக்கும் விதிகள் ஒன்றா?

ஏறக்குறைய ஒன்று, ஆனால் வித்தியாசமான இடங்கள் முக்கியமானவை. ரிங் உயரம் எல்லோருக்கும் பத்து அடி. ஃப்ரீ த்ரோ (எதிரணி ஃபவுல் செய்தால் கிடைக்கிற எறிதல்) கோடு ஒரே இடம். பந்து வேறு: ஆண்களுக்கு 7ஆம் எண் பந்து, சுற்றளவு 29.5 அங்குலம், பெண்களுக்கு 6ஆம் எண், 28.5 அங்குலம், எடையும் இரண்டு அவுன்ஸ் குறைவு. நேரம்: என்பிஏ 48 நிமிடம், டபிள்யூஎன்பிஏ 40. கல்லூரியில் இருவருக்கும் 40தான், ஆண்கள் அதை இரண்டு பாதியாகவும் பெண்கள் 2015–16 சீசனிலிருந்து நான்கு கால்வாசியாகவும் ஆடுகிறார்கள். மூன்று புள்ளிக் கோடு (அதற்கு வெளியே நின்று போட்டால் மூன்று புள்ளி) என்பிஏவில் நடுவில் 7.24 மீட்டர், டபிள்யூஎன்பிஏவில் 6.75 மீட்டர். உலகப் போட்டிகளில் ஆண், பெண் இருவருக்கும் அதே 6.75தான், அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் 2019இலும் பெண்கள் 2021இலும் அந்தக் கோட்டுக்கே வந்துவிட்டார்கள். அதாவது "பெண்களுக்குக் கிட்டக் கோடு" என்று சொல்கிறவர் என்பிஏ ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுச் சொல்கிறார், உலகத்தில் மற்ற ஆண்கள் எல்லோரும் எறிவதும் ஏறக்குறைய அதே தூரத்திலிருந்துதான்.

இன்றைய வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் பழைய காலத்தைப் பார்த்தால் தலை சுற்றும். ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டில் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். அடுத்த வருடமே பக்கத்தில் இருந்த ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் பெண்களுக்கு அதைக் கொண்டுபோனார், ஆனால் பெண்கள் ரொம்ப ஓடினால் உடம்புக்கு ஆகாது என்று நம்பிய காலம் அது, அதனால் கோர்ட்டை மூன்று பகுதியாகப் பிரித்துக் கோடு போட்டு, அவரவர் பகுதியைத் தாண்டக் கூடாது, கையிலிருக்கும் பந்தைத் தட்டிப் பறிக்கக் கூடாது என்று விதி வைத்தார். அந்த வழியில் வந்த ஆறு பேர் ஆட்டம் அயோவா மாநிலத்துப் பள்ளிகளில் 1993 வரை இருந்தது! மூன்று பேர் எறிய மட்டும், மூன்று பேர் தடுக்க மட்டும், நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது, பந்தை இரண்டு தடவைக்கு மேல் தரையில் தட்டக் கூடாது. ஒரு தலைமுறை பெண்கள் பள்ளியில் ஒரு தடவைகூட முழுக் கோர்ட்டில் ஓடாமலேயே ஆட்டத்தை முடித்திருக்கிறார்கள். பள்ளி கல்லூரிகளில் பாலினப் பாகுபாடு கூடாது என்ற டைட்டில் நைன் சட்டம் வந்ததே 1972இல்தான். ஆண்களுக்கு ஒலிம்பிக் கூடைப்பந்து 1936இல், பெண்களுக்கு 1976இல். நாற்பது வருடம் பிந்தி ஓட ஆரம்பித்தவரோடு நேரம் பார்த்து ஒப்பிடுகிறோம் என்பதை மறக்கக் கூடாது.

சின்னப் பந்து என்பது சலுகைதானே?

கைக்கேற்ற பந்து. சின்ன பேட் வைத்து ஆடுகிற பிள்ளையைப் பார்த்து இது கிரிக்கெட்டே இல்லை என்று யாரும் சொல்வதில்லையே. அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் 1984–85 சீசனில் இந்தப் பந்துக்கு மாறினார்கள், உலகப் போட்டிகளில் 2004 வாக்கில்தான் மாறியது. அதற்கு முன் ஆடியவர்கள் எல்லாம் பெரிய பந்தில்தான் ஆடினார்கள், இது சாதனைகளை ஒப்பிடும்போது திரும்ப வரும்.

ஒரு சுவாரசியமான விஷயம்: ஒலிம்பிக்கில் இப்போது இருக்கிற மூவர் ஆட்டத்துக்கு, அதாவது 3x3க்கு, ஆண் பெண் இருவருக்கும் ஒரே பந்துதான். அளவு 6ஆம் எண், எடை 7ஆம் எண். ஆண்களுக்குச் சலுகை கொடுத்துவிட்டார்கள் என்று இதுவரை ஒருவரும் என்னிடம் புலம்பவில்லை.

ரிங்கைக் கொஞ்சம் தாழ்த்தினால் பெண்களும் டங்க் அடிப்பார்களே?

அடிப்பார்கள். இப்போதும் சிலர் அடிக்கிறார்கள்: கல்லூரி ஆட்டத்தில் முதல் டங்க் 1984இல் மேற்கு வர்ஜீனியாவின் ஜார்ஜியான் வெல்ஸ், டபிள்யூஎன்பிஏவில் முதலாவது 2002 ஜூலை 30இல் லிசா லெஸ்லி, அப்புறம் ஆறடி ஒன்பது அங்குல பிரிட்னி கிரைனர் அதைப் பழக்கமாகவே ஆக்கினார். ஆனால் ரிங்கைத் தாழ்த்தினால் ஊரிலுள்ள ஒவ்வொரு கோர்ட்டிலும் இரண்டு உயரம் வேண்டும், எட்டு வயதிலிருந்து பத்தடிக்குப் பழகிய கை எறிதலின் வளைவை மாற்ற வேண்டும். இதையெல்லாம் செய்து கிடைப்பது டங்க் மட்டும்தான் என்றால் என் ஓட்டு வேண்டாம் என்பதற்கே.

எறிதலிலாவது சமமா?

இங்கேதான் ஆட்டம் சுவையாகிறது, ஏனென்றால் தசைக்கு இங்கே வேலை குறைவு. ஃப்ரீ த்ரோவை எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் தடுப்பதில்லை, குதிக்க வேண்டாம், தூரமும் உயரமும் ஒன்று. இரண்டு லீகிலும் சராசரி கிட்டத்தட்ட ஒரே அளவில், எழுபதுகளின் பிற்பகுதி சதவீதத்தில் இருக்கிறது, பெண்கள் பக்கம் ஒரு நூல் மேலே இருக்கிற வருடங்களும் உண்டு. டபிள்யூஎன்பிஏவின் எலினா டெல் டான் வாழ்நாள் சராசரி 93 சதவீதத்துக்கு மேல், என்பிஏவின் ஸ்டீஃபன் கறி சுமார் 91. பந்து சின்னது என்பது உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் பந்து சின்னதாக இருப்பதாலேயே 93 சதவீதம் வந்துவிடும் என்றால் நாளைக்கே ஒன்று வாங்கி முயற்சி செய்து பாருங்கள்.

மூன்று புள்ளியில், ஆட்டத்தின் போக்கில் எறியும்போது, என்பிஏ சுமார் 36, டபிள்யூஎன்பிஏ சுமார் 34 சதவீதம். போட்டியாக வைத்து எறிந்தது 2024 பிப்ரவரியில் இண்டியானாபொலிஸில் நடந்தது. அதற்கு முந்தைய வருடம் டபிள்யூஎன்பிஏவின் மூன்று புள்ளி எறிதல் போட்டியில் சப்ரினா இயோனெஸ்கு 40 புள்ளிக்கு 37 எடுத்திருந்தார். இரண்டு லீகிலும் அதற்கு முன் யாரும் ஒரு சுற்றில் அவ்வளவு எடுத்ததில்லை. அதனால் கறியே நேரில் மோதலாம் என்று கூப்பிட்டார். இயோனெஸ்கு தன் பந்தை வைத்துக்கொண்டார், ஆனால் கோடு என்பிஏ கோடே போதும் என்று தூரத்திலிருந்து எறிந்தார். கறி 29, இயோனெஸ்கு 26. தோற்றுவிட்டார், சரி. ஆனால் அதே ராத்திரி நடந்த என்பிஏ ஆண்கள் போட்டியின் இறுதிச் சுற்றில் டேமியன் லில்லர்ட் பட்டம் ஜெயித்தது எத்தனைக்குத் தெரியுமா? 26.

என்பிஏவில் 114 புள்ளி, டபிள்யூஎன்பிஏவில் 82. இவ்வளவு வித்தியாசம் ஏன்?

பாதிக்கு மேல் வித்தியாசம் கடிகாரத்தில் இருக்கிறது. 48 நிமிடத்துக்கு 114 என்றால் 40 நிமிடத்துக்கு 95. ஆக உண்மையான இடைவெளி 32 இல்லை, 13. மீதி வேகத்திலும், ரிங்குக்குப் பக்கத்தில் கிடைக்கிற எளிய புள்ளிகளிலும் போகிறது. கணக்குப் போடாமல் சண்டை போடுகிறவர்களிடம் இதை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

கல்லூரி அளவில் பெண்கள் ஆட்டம் இவ்வளவு பரபரப்பாக இருப்பது எப்படி?

இதற்கு உடம்போடு சம்பந்தமே இல்லாத காரணம் ஒன்று உண்டு. ஆண்களில் 19 வயதானால் என்பிஏவுக்குப் போகலாம், அதனால் மிகத் திறமையானவர்கள் ஒரே வருடம் கல்லூரியில் தலையைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். பெண்கள் பக்கம் அமெரிக்கர்களுக்கு 22 வயது ஆக வேண்டும் அல்லது படிப்பு முடிய வேண்டும். ஆக உச்சத் திறமையுள்ள பெண்கள் நான்கு வருடம் அங்கேயே ஆடுகிறார்கள், ரசிகர்களுக்கு முகம் பழகுகிறது, அணி ஒரு அணியாகவே வளர்கிறது. கனெக்டிகட் பெண்கள் அணி 2014 முதல் 2017 வரை தொடர்ந்து 111 ஆட்டங்கள் ஜெயித்தது. ஆண்களில் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் 88தான் உச்சம், அது 1974இல் முடிந்த கதை.

இன்னொரு பக்கம், மேலே போகிற கதவு பெண்களுக்கு ரொம்பக் குறுகல். 2024 வரை டபிள்யூஎன்பிஏவில் 12 அணி, அணிக்கு 12 பேர், மொத்தம் 144 இடம். என்பிஏவில் 30 அணி, அணிக்கு 15 பேர். நாட்டின் தலைசிறந்த கல்லூரி வீராங்கனைகள் டிராஃப்டில் (அணிகள் முறை வைத்துப் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கிற ஏற்பாடு) எடுக்கப்பட்ட சில வாரத்திலேயே அணியிலிருந்து கழற்றிவிடப்படுவது ஒவ்வொரு மே மாதமும் நடக்கிறது. அந்த 144 பேர் யார் என்று இப்போது புரிகிறதா?

2024 ஏப்ரலில் தெற்கு கரோலினாவும் அயோவாவும் மோதிய கல்லூரிப் பெண்கள் இறுதி ஆட்டத்தைச் சராசரியாக ஒரு கோடியே 87 லட்சம் பேர் டிவியில் பார்த்தார்கள். ஆண்கள் இறுதி ஆட்டத்துக்கு ஒரு கோடியே 48 லட்சம். பெண்கள் இறுதி ஆட்டம் ஆண்களுடையதைத் தாண்டியது அதுதான் முதல் தடவை.

கெய்ட்லின் கிளார்க் ஆண்களின் சாதனையையும் முறியடித்தார் என்கிறார்களே?

எண்ணிக்கையில் முறியடித்தார். அயோவா பல்கலைக்கழகத்துக்கு ஆடிய கிளார்க், கல்லூரி ஆட்டங்களின் மொத்தப் புள்ளியில் ஆண்கள் சாதனையான பீட் மரவிச்சின் 3,667ஐ 2024 மார்ச்சில் தாண்டி 3,951இல் முடித்தார். ஆனால் மரவிச் அதை எடுத்தது 83 ஆட்டங்களில், ஆட்டத்துக்கு 44 புள்ளி, முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆடக் கூடாது என்ற காலம் என்பதால் மூன்றே சீசன், மூன்று புள்ளிக் கோடே அப்போது கிடையாது. கிளார்க் 139 ஆட்டங்கள். இதைச் சொன்னால் பெண்களைக் குறைக்கிறாய் என்பார்கள். இல்லை, இன்னொரு பெண்ணை ஞாபகப்படுத்துகிறேன்: கான்சஸ் பல்கலைக்கழகத்தின் லினெட் உடார்ட், 1977 முதல் 1981 வரை 3,649 புள்ளி, பெரிய பந்தில், மூன்று புள்ளிக் கோடு இல்லாமல். அப்போது பெண்கள் போட்டியை என்சிஏஏ நடத்தவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அவர் பெயர் பட்டியலில் வராமல் போனது. மரவிச்சைப் பற்றி நடந்த விவாதத்தில் பத்தில் ஒரு பங்குகூட உடார்டைப் பற்றி நடக்கவில்லை.

பெண்கள் யாராவது என்பிஏவுக்கு முயன்றிருக்கிறார்களா?

முயன்றிருக்கிறார்கள். ஒலிம்பிக் பெண்கள் கூடைப்பந்தின் முதல் புள்ளியை எடுத்த லூசியா ஹாரிஸை 1977இல் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் அணி ஏழாவது சுற்றில் தேர்ந்தெடுத்தது. அவர் அப்போது கர்ப்பமாக இருந்தார், போக விருப்பமும் இல்லை. 1979இல் ஆன் மேயர்ஸ் இண்டியானா பேசர்ஸோடு 50,000 டாலருக்கு ஒப்பந்தம் போட்டு, மூன்று நாள் தேர்வு முகாமில் ஆண்களோடு ஆடினார், அணியில் இடம் கிடைக்கவில்லை. 1986இல் நான்சி லீபர்மன் ஆண்களின் சிறிய தொழில்முறை லீக் ஒன்றில் ஆடியே காட்டினார். எல்லாம் அரை நூற்றாண்டை நெருங்குகிற கதைகள். இப்போது யாரும் முயல்வதில்லை, தங்களுக்கென்று ஒரு லீக் இருக்கும்போது எதற்கு? கோர்ட்டுக்கு வெளியே நிலைமை வேறு: 2020 டிசம்பர் 30இல் ஸ்பர்ஸ் அணியின் கோச் பாப்பவிச்சை நடுவர் ஆட்டத்தின் நடுவில் வெளியேற்றியபோது பெக்கி ஹாமன் அந்த இடத்தில் நின்று அணியை நடத்தினார், என்பிஏ ஆட்டத்தில் தலைமை கோச் வேலையைப் பார்த்த முதல் பெண். விசில் ஊதுவதில் 1997 முதலே பெண்கள் இருக்கிறார்கள்.

இரண்டு பேரும் ஒரே அணியில் ஆடுகிற உயர் மட்டப் போட்டி எங்காவது உண்டா?

சக்கர நாற்காலி கூடைப்பந்து. ஒவ்வொருவரின் உடல் இயக்கத்துக்கும் ஏற்ப ஒரு வகைப்பாட்டுப் புள்ளி கொடுத்து, கோர்ட்டில் நிற்கும் ஐவரின் கூட்டுத்தொகை ஓர் அளவைத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள், பன்னாட்டுப் போட்டியில் அது 14. ஜெர்மனி போன்ற நாடுகளின் லீகில் பெண்கள் ஆண்களோடு ஒரே அணியில் ஆடுகிறார்கள், பெண் ஒருவர் ஆடினால் அந்தக் கணக்கில் தள்ளுபடி உண்டு. "யார் பெரியவர்" என்று அடித்துக்கொள்ளாமல் வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு ஆட்டத்தை நடத்துகிற அழகான ஏற்பாடு. நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை கலந்து ஆடும்போது பெண்கள் போட்டால் ஒரு புள்ளி கூடுதல் என்று வைப்போமே, அதன் முறையான வடிவம் இது.

பெண்களுக்கு முழங்கால் காயம் அதிகம் என்பது நிஜமா?

நிஜம், இதைப் பெற்றோர்கள் கவனமாகப் படியுங்கள். முழங்காலுக்குள் இருக்கிற ஏசிஎல் என்ற தசைநார் கிழிவது, ஒரே மாதிரி ஆட்டத்தில், பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். குதித்து இறங்கும்போது முழங்கால் போதுமான அளவு மடியாமல், உள்பக்கமாகச் சரிவது, தொடையின் பின்தசை முன்தசை அளவுக்கு வலுவாக இல்லாதது போன்றவை காரணமாகச் சொல்லப்படுகின்றன. கிழிந்தால் பெரும்பாலும் ஒரு சீசன் போச்சு. ஆனால் இது தலைவிதி இல்லை: குதித்துச் சரியாக இறங்கப் பழகுவது, ஒற்றைக்காலில் சமநிலை, பின்தொடைக்கு வலு என்று 15, 20 நிமிட வார்ம்-அப்பை வாரம் இரண்டு மூன்று நாள் விடாமல் செய்தால் காயம் கணிசமாகக் குறைகிறது என்பது நிறையப் பார்த்துச் சோதித்த விஷயம். உங்கள் பெண்ணின் கோச் இதைச் செய்கிறாரா என்று கேளுங்கள். மைதானத்தைச் சுற்றி ஐந்து ரவுண்டு ஓட விடுவது வார்ம்-அப் ஆகாது.

சம்பளம்?

2024இல் டபிள்யூஎன்பிஏ டிராஃப்டின் முதல் ஆளான கிளார்க்கின் முதல் வருடச் சம்பளம் 76,535 டாலர். அதே வருடம் என்பிஏ டிராஃப்டின் முதல் ஆளுக்கு ஒரு கோடியே 20 லட்சம் டாலருக்கு மேல். வருமானம் குறைவான லீகில் சம்பளம் குறையும், அது யாருக்கும் புரியும். வீராங்கனைகள் கேட்டது வேறு: என்பிஏவில் வருமானத்தில் ஏறக்குறைய பாதி ஆடுகிறவர்களுக்குப் போகிறது, பெண்கள் லீகில் அந்த விகிதம் அப்போது அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அதனால்தான் அவர்கள் குளிர்காலத்தில் ரஷ்யா, துருக்கி, சீனா என்று போய் ஆடினார்கள். 2015இல் டயானா டௌராசிக்கு அவருடைய ரஷ்ய அணி, அமெரிக்க சீசனில் ஆடாமல் ஓய்வெடுப்பதற்காகவே பணம் கொடுத்தது. கிரைனர் 2022இல் ரஷ்யாவில் கைதாகி மாதக்கணக்கில் சிறையில் இருந்தாரே, அவர் அங்கே போனதும் இந்தச் சம்பளத்துக்காகத்தான்.

நம்மவர்கள் யாராவது அந்த மட்டத்தை எட்டினார்களா?

பக்கத்தில் போனார்கள். பஞ்சாபின் சத்னாம் சிங், ஏழடி இரண்டு அங்குலம், அவரை 2015 டிராஃப்டில் என்பிஏவின் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி 52ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது, ஆனால் அவர் என்பிஏ சீசன் ஆட்டம் எதிலும் இறங்கவில்லை. அதற்கு நான்கு வருடம் முன்பே, 2011இல், கேரளத்தில் பிறந்து சென்னையில் தெற்கு ரயில்வேக்கு ஆடிய கீத்து அன்னா ஜோஸை மூன்று டபிள்யூஎன்பிஏ அணிகள் கூப்பிட்டுச் சோதித்துப் பார்த்தன, ஒப்பந்தம் கிடைக்கவில்லை. சத்னாமைப் பற்றி ஆவணப்படமே வந்தது, கீத்துவைப் பற்றி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சென்னைக்காரரான அனிதா பால்துரை 19 வயதில் இந்திய அணிக்கு கேப்டன், 2021இல் பத்மஸ்ரீ. கல்யாணம், குழந்தை என்று ஆன பிறகும் திரும்பி வந்து நாட்டுக்கு ஆடியவர். ரயில்வே வேலை என்ற ஒரு ஏற்பாடு இல்லாவிட்டால் இவர்களில் பாதிப் பேர் இருபத்திரண்டு வயதில் ஆட்டத்தை விட்டிருப்பார்கள் என்பது என் கருத்து.

என் பெண்ணுக்குப் பத்து வயது, பையனுக்குப் பதிமூன்று. எந்தப் பந்து வாங்க?

பெண்ணுக்கு 5ஆம் எண், பன்னிரண்டு வந்ததும் 6. பையனுக்கு இப்போதைக்கு 6, பதினைந்து வாக்கில் 7. கடையில் சும்மா கூடைப்பந்து என்று கேட்டால் பெரும்பாலும் 7ஐத்தான் எடுத்து நீட்டுவார்கள், பெண்ணின் எறிதல் கெட்டுப்போவது அங்கேதான் ஆரம்பம். பந்து கனமாக இருந்தால் பிள்ளை இடுப்பிலிருந்து வீசும், பிறகு அந்தப் பழக்கத்தை மாற்ற இரண்டு வருடம் ஆகும். ரிங்கை எட்டு, ஒன்பது அடிக்கு இறக்க முடிந்தால் இந்த வயதில் தாராளமாக இறக்கலாம். சிமெண்ட் தரை என்றால் ரப்பர் பந்தே போதும், தோல் பந்துக்குக் காசைக் கொட்டாதீர்கள், ஒரே மாதத்தில் வழுவழுவென்று ஆகிவிடும்.